நரம்பில் குடியிருக்கும் அம்மை

தமிழ்நாட்டின் பல ஊர்களில் அக்கி கண்டவரை இன்றும் முதலில் அழைத்துப்போவது குயவர் வீட்டுக்குத்தான். வேளார் காவிக்கல்லை உரசிக் குழைத்து, குச்சியாலோ இறகாலோ தொட்டு, கொப்புளங்களின் மேலும் அவற்றைச் சுற்றியும் எழுதுவார். சில ஊர்களில் சிங்கத்தின் உருவம் வரைவதும் உண்டு. எண்ணெய்ப் பலகாரம் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது என்று பத்தியம் சொல்லி அனுப்புவார். மறுநாள் வரச் சொல்வார், அதற்கு மறுநாளும் வரச் சொல்வார். மூன்று நாள் எழுதினால் அக்கி அடங்கும் என்பது நம்பிக்கை.

அடங்கவும் செய்கிறது. அக்கிக் கொப்புளங்கள் ஏழு முதல் பத்து நாளில் பொருக்குத் தட்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தோல் ஆறிவிடும். காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். வேப்பிலை அரைத்துப் பூசினாலும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினாலும், மந்திரித்துக் கயிறு கட்டினாலும் அதே கெடுவில்தான் ஆறும். அக்கிக்குக் ‘கைகண்ட’ வைத்தியங்கள் இத்தனை இருப்பதற்கு இதுவே காரணம். எதைச் செய்தாலும் பலிக்கிற நோயில் எல்லோருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

ஆனால் சிலருக்குத் தோல் ஆறிய பிறகும் அதே இடத்தில் எரிச்சல் நிற்பதில்லை. பனியன் உரசினால் தீப்பட்டதுபோல் இருக்கும்; மின்விசிறிக் காற்று பட்டாலே சுள்ளென்று இழுக்கும்; இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. இந்த வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். அதற்காக யாரும் திரும்பவும் குயவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. வயதாகிவிட்டது, வாயு பிடித்திருக்கிறது, நரம்புத் தளர்ச்சி என்று வேறு ஏதோ கணக்கில் அது எழுதப்பட்டுவிடுகிறது. அக்கியின் உண்மையான சேதம் இப்படித்தான் ஊர்க் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறது. இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்தச் சேதமும், அதைக் குறைக்கவோ தடுக்கவோ இன்று இருக்கும் இரண்டு வழிகளும்.

நோயின் போக்கிலிருந்து தொடங்கலாம். அக்கி பெரும்பாலும் கொப்புளத்தோடு வருவதில்லை, வலியோடு வருகிறது. உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டையான இடத்தில் மட்டும் எரிச்சல், குத்தல், ஊறல். தோலைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒன்றிரண்டு நாள், சில சமயம் நான்கைந்து நாள் இப்படியே போகும். இடது மார்பில் என்றால் மாரடைப்போ என்று ஈசிஜி எடுக்க ஓடுவார்கள். வலது விலாவுக்குக் கீழே என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்குமோ என்று ஸ்கேன் பார்ப்பார்கள். தாடையில் என்றால் பல்லைச் சந்தேகிப்பார்கள். அதன் பிறகுதான் சிவந்த தடிப்பும், அதன் மேல் கொத்துக்கொத்தாக நீர் கோத்த கொப்புளங்களும் எழும்பும். அப்போதுதான் வீட்டில் இருக்கும் மூத்தவர் யாராவது, ‘இது அக்கி’ என்பார். அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொப்புளத்தைப் பார்த்து அக்கி என்று சொல்லப் பாட்டிகளுக்குப் பரிசோதனைக்கூடம் தேவைப்பட்டதில்லை.

அதே பாட்டிகள் சொல்லும் இன்னொன்று பயமுறுத்துவது. அக்கி பாம்பு போல இடுப்பைச் சுற்றிவரும். தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான். இது தமிழர்களுக்கு மட்டுமே உரிய அச்சம் என்று நினைக்க வேண்டாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில், இந்த நோய் இடுப்பைச் சுற்றி வளைத்துவிட்டால் கொல்லும் என்றே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

முடிவுதான் தவறு. தண்டுவடத்திலிருந்து நரம்புகள் தென்னை மட்டையின் ஓலைகளைப் போல இரு பக்கமும் தனித்தனியாகப் பிரிகின்றன. இடப்பக்க நரம்பு இடப்பக்கத் தோலுக்கு, வலப்பக்க நரம்பு வலப்பக்கத் தோலுக்கு. அக்கி ஒரு நரம்பின் வழியே வருவதால், அந்த நரம்பு ஆளும் பட்டையோடு நின்றுவிடுகிறது. முதுகெலும்பில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்து, வயிற்றின் நடுக்கோட்டை எட்டியதும் கோடு கிழித்ததுபோல் நின்றுபோகும். தலையும் வாலும் சேர்வதற்கு வழியே இல்லை. எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு மட்டும் கொப்புளங்கள் உடல் முழுக்கச் சிதறி வரலாம். அது உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை.

இது நரம்பின் நோய் என்பதை உறுதியாக நிறுவியவர்கள் ஹென்றி ஹெட் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவரும் கேம்பெல் என்ற நோயியல் வல்லுநரும். அக்கி கண்டிருந்து பின்னர் இறந்துபோன 21 பேரின் உடல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். முதுகெலும்பை ஒட்டி, ஒவ்வொரு உணர்வு நரம்பின் வேரிலும் ஒரு சிறு முடிச்சு உண்டு. எந்தப் பட்டையில் கொப்புளம் வந்ததோ, அந்த நரம்பின் முடிச்சில் அழற்சியும் இரத்தக் கசிவும் வடுவும் இருப்பதைக் கண்டார்கள். 1900-ஆம் ஆண்டு வெளியான அந்தக் கட்டுரை, எந்த நரம்பு தோலின் எந்தப் பகுதியை ஆள்கிறது என்பதற்கு ஒரு வரைபடத்தையே தந்தது. ஹெட் சற்று வித்தியாசமான மனிதர். சில வருடம் கழித்து, உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்பதற்காகத் தன் கையில் இருந்த நரம்பையே அறுவை மருத்துவரைக் கொண்டு வெட்டச் செய்து, அது ஒட்டி வளர்வதை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார்.

முடிச்சில் அழற்சி இருக்கிறது, சரி. அது அங்கே எப்படி வந்தது? சின்னம்மைக்கும் அக்கிக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற சந்தேகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்திருந்தது. புடாபெஸ்டில் யானோஸ் போகாய் என்ற குழந்தை மருத்துவர், வீட்டில் பெரியவருக்கு அக்கி வந்தால் சில நாளில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை போடுவதைக் கவனித்தார். 1925-இல் வியன்னாவைச் சேர்ந்த குந்த்ராடிட்ஸ், அக்கிக் கொப்புள நீரைச் சின்னம்மை வராத குழந்தைகளின் தோலில் செலுத்தி, அவர்களுக்குச் சின்னம்மை வந்ததைப் பதிவு செய்தார். இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை அது. அக்கியிலிருந்து சின்னம்மை வரும் என்பது அப்படித் தெளிவானது. ஆனால் அக்கி வந்த பெரியவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை சொன்னவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறுநகரத்தில் தொழில் செய்த குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப்சிம்ப்சன். அவரிடம் பதிந்திருந்த மக்கள் ஏறத்தாழ 3,500 பேர். பிறப்பிலிருந்து இறப்புவரை அதே குடும்பங்களை அதே மருத்துவர் பார்க்கிற ஊர். 1947-இலிருந்து 16 ஆண்டுகள், தன்னிடம் வந்த ஒவ்வொரு அக்கி நோயாளியையும் அவர் குறித்துவைத்தார். வயது என்ன, எந்த மாதம், எந்தப் பட்டை, முன்பு சின்னம்மை வந்ததா, வீட்டில் யாருக்காவது இப்போது இருக்கிறதா. சேர்ந்தது மொத்தம் 192 பேர்.

அந்தச் சிறிய பதிவேடு பேசியது. சின்னம்மை ஊரில் அலையலையாக வந்துபோனது. அக்கி அந்த அலைகளோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சின்னம்மைக் குழந்தைகளிடமிருந்து பெரியவர்களுக்கு ஒட்டுவதாக இருந்தால் அப்படி இருக்க முடியாது. அடுத்தது வயது. பத்து வயதுக்குட்பட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய், எண்பதுகளில் இருப்பவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப்பேர்வரை தாக்கியது. ஆயிரம் பேர் 85 வயதுவரை வாழ்ந்தால் அவர்களில் பாதிப்பேருக்கு ஒருமுறையாவது அக்கி வந்திருக்கும் என்று கணக்கிட்டார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் கிடக்கும் யெல் தீவுக்கும் போய் விசாரித்தார். வெளியார் வரத்துக் குறைவான அத்தகைய இடத்தில் யார் யாரிடமிருந்து நோயை வாங்கினார்கள் என்று தடம் பிடிப்பது எளிது.

1965-இல் அவர் முன்வைத்த விளக்கம் இது: அக்கி வெளியிலிருந்து வருவதில்லை. சிறுவயதில் சின்னம்மை ஆறியபோது அந்த வைரஸ் உடலைவிட்டுப் போகவில்லை; நரம்பு முடிச்சுகளுக்குள் போய் ஒடுங்கிவிட்டது. எதிர்ப்பாற்றல் ஓங்கியிருக்கும்வரை அங்கேயே கிடக்கும். அது தளரும்போது ஏதாவது ஒரு முடிச்சில் விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வரும். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பிறகு, 1984-இல், அமெரிக்காவில் ஸ்டீபன் ஸ்ட்ராஸ் தலைமையிலான குழு ஒரே ஆளுக்கு முதலில் வந்த சின்னம்மையிலிருந்தும் பின்னர் வந்த அக்கியிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்து, இரண்டின் மரபணுவும் ஒன்றே என்று காட்டியது. நோயாளியின் பெயரை மறக்காத ஒரு மருத்துவர் தன் பதிவேட்டை வைத்துச் சொன்னதை ஆய்வுக்கூடம் வழிமொழிந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலானோருக்குச் சிறுவயதில் அம்மை போட்டிருக்கும். வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுப்பியிருப்பார்கள். அந்த வைரஸ் இப்போதும் அவர்களின் முதுகெலும்பை ஒட்டிய முடிச்சுகளில் இருக்கிறது. அமெரிக்க மதிப்பீடுகளின்படி மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் அது அக்கியாக வெளிவரும்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வாய்ப்புக் கூடியவர்கள் யார் என்று சொல்லலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள், முடக்குவாதம் போன்றவற்றுக்காக ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் எடுப்பவர்கள். இந்த வரிசையில் நம் ஊர் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோய். அதுவும் அக்கியின் வாய்ப்பைக் கூட்டுகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். ஐம்பது வயதும் சர்க்கரையும் ஒருசேர இருக்கும் வீடு இல்லாத தெரு தமிழ்நாட்டில் அபூர்வம்.

அக்கி எங்கே வருகிறது என்பதும் முக்கியம். விலாவில் வந்தால் வலி. முகத்தில் வந்தால் ஆபத்து. நெற்றியிலும் கண் இமையிலும் கொப்புளம் எழும்போது மூக்கின் நுனியையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கொப்புளம் இருந்தால், அதே நரம்புக் கிளை கண்ணுக்குள்ளும் போவதால், கருவிழி பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜானதன் ஹட்சின்சன் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. இன்றும் கண் மருத்துவர்கள் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம்.

காதில் வந்தால் முகம் கோணும். 2022 ஜூனில் கனடாவின் பாடகர் ஜஸ்டின் பீபர், முகத்தின் ஒரு பக்கம் அசையாமல், ஒரு கண்ணை இமைக்க முடியாமல் ஒரு காணொளியில் தோன்றி, தன் நிகழ்ச்சிகளை ஒத்திவைப்பதாக அறிவித்தார். ராம்சே ஹன்ட் என்ற நரம்பியல் மருத்துவர் 1907-இல் விவரித்த காது அக்கிதான் அது. பீபருக்கு அப்போது 28 வயது. முதியவர்களின் நோய் என்று இளையவர்கள் ஒதுங்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பிரபலமான சாட்சி கிடைக்காது.

தோல் ஆறி மூன்று மாதத்துக்குப் பிறகும் நிற்காத வலி, அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு ஏற்படுகிறது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறும். கேபபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று மருந்துகள் இருக்கின்றன. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டைகளும் இருக்கின்றன. எதுவும் முழு விடுதலை என்று சொல்ல முடியாது. தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும் மாத்திரைகளை எழுபது வயதுக்காரர் மாதக்கணக்கில் விழுங்கும்போது, இரவில் எழுந்து நடக்கையில் கீழே விழும் அபாயத்தையும் சேர்த்தே விழுங்குகிறார்.

இனி இரண்டு வழிகளில் முதலாவது; இதிலும் ஒரு மூன்று நாள் கணக்கு உண்டு. அக்கிக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அசைக்ளோவிர் 1970-களில் அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் தலைமையிலான ஆய்வுக்கூடத்தில் உருவானது. முனைவர் பட்டம் பெறாமலே 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் எலியன். அவருடைய மருந்தின் சாமர்த்தியம், வைரஸ் புகுந்த செல்லில் மட்டுமே அது முழுதாக விழித்துக்கொள்வது. நல்ல செல்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. வழக்கமான அளவு 800 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். வாலசைக்ளோவிர் என்றால் நாளுக்கு மூன்று வேளை போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் இது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மாத்திரை.

இந்த மாத்திரைகள் நன்றாக வேலை செய்வது கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் நேரம் அது. பெருகி முடித்த பிறகு மருந்துக்குச் செய்ய அதிகம் இல்லை. கண்ணிலோ காதிலோ வந்திருந்தாலும், புதுக் கொப்புளம் எழுந்துகொண்டே இருந்தாலும், எதிர்ப்பாற்றல் குன்றியவராக இருந்தாலும் தாமதமானபின்கூட மருத்துவர்கள் கொடுப்பார்கள்; மற்றவர்களுக்கு அந்த மூன்று நாள்தான் கெடு.

குயவர் எழுதும் மூன்று நாளும் 72 மணி நேரம்தான். காவி மண் யாரையும் கொன்றதில்லை. ஈரமண் பட்டால் எரிச்சலுக்குக் கொஞ்சம் இதமாகவும் இருக்கும். அதைக் கேலி செய்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வழக்கு. மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் மருத்துவரிடம் வருபவருக்கு, மருத்துவர் தரக்கூடியதில் பெரும்பகுதி ஏற்கெனவே காலாவதி ஆகிவிட்டது. முதல் நாளே மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் எழுதிக்கொள்பவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

தொற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கி வந்தவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி ஒட்டாது. சின்னம்மையே வராதவர் கொப்புள நீரைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே பொருக்குத் தட்டும்வரை கொப்புளத்தை மூடிவைப்பதும், சின்னம்மை வராத கர்ப்பிணிகள், பச்சைக்குழந்தைகள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோரிடமிருந்து விலகியிருப்பதும் போதும். மருத்துவச் சீட்டில் ‘ஹெர்பீஸ் ஸோஸ்டர்’ என்று இருப்பதைக் கூகுளில் தேடிவிட்டு, பாலுறவால் பரவும் ஹெர்பீஸோடு போட்டுக் குழப்பிக்கொண்டு, அறுபது வயது மனிதரைச் சந்தேகமாகப் பார்த்த குடும்பங்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு வைரஸ்கள்.

இரண்டாவது வழி தடுப்பூசி. அதன் தொடக்கமும் ஒரு வீட்டில்தான். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி 1960-களில் அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது அவருடைய சிறு மகனுக்குச் சின்னம்மை கடுமையாகப் போட்டது. ஊர் திரும்பியவர், ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்த வைரஸை ஆய்வுக்கூடச் செல்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வீரியம் குறைத்தார். அந்தச் சிறுவனின் குடும்பப் பெயரால் ஓகா வகை என்று அழைக்கப்படும் அந்த வைரஸைக் கொண்டு செய்த சின்னம்மைத் தடுப்பூசி பற்றிய அவருடைய கட்டுரை 1974-இல் வந்தது.

குழந்தைக்குச் சின்னம்மை வராமல் தடுப்பது ஒரு வேலை. ஐம்பது ஆண்டாக நரம்புக்குள் கிடப்பதை அங்கேயே கிடக்கச் செய்வது வேறு வேலை. வயதானவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருக்கத்தான் இருக்கின்றன. தளர்வது இந்த வைரஸை அடையாளம் கண்டு அடக்கும் டி செல்கள். அவற்றைத் தட்டி எழுப்ப வேண்டும். முதல் முயற்சி, அதே ஓகா வைரஸைக் குழந்தை ஊசியில் இருப்பதுபோல் குறைந்தது 14 மடங்கு செறிவோடு செலுத்துவது. ஸோஸ்டாவாக்ஸ் என்ற பெயரில் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி இது. அறுபதைத் தாண்டிய 38,546 பேரிடம் நடந்த சோதனையில் அக்கி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நீடித்த நரம்பு வலி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் வயது கூடக்கூடப் பலன் குறைந்தது, ஆண்டு போகப்போகத் தேய்ந்தது. உயிருள்ள வைரஸ் என்பதால், யாருக்கு மிகவும் தேவையோ அந்த எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குப் போடவும் முடியவில்லை. 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது.

அதன் இடத்தைப் பிடித்தது ஷிங்ரிக்ஸ். இதில் வைரஸே கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அதோடு எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடும் துணைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துணைப்பொருளில் ஒரு பங்கு சிலி நாட்டின் சோப்பு மரப் பட்டையிலிருந்து எடுப்பது. மற்றொரு பங்கு சால்மொனெல்லா பாக்டீரியாவிலிருந்து. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் மலேரியா தடுப்பூசிகளில் ஒன்றிலும் இதே சரக்கு இருக்கிறது.

2015-இல் வெளியான சோதனை முடிவு தடுப்பூசி உலகத்தையே வியக்க வைத்தது. ஐம்பது வயதைத் தாண்டிய 15,411 பேர். பாதிப்பேருக்கு ஊசி, மறுபாதிக்கு வெற்று ஊசி. சராசரியாக மூன்றாண்டுக்குச் சற்று மேல் கவனித்தார்கள். வெற்று ஊசிக்காரர்களில் 210 பேருக்கு அக்கி வந்தது. தடுப்பூசிக்காரர்களில் 6 பேருக்கு. 97 சதவீதப் பாதுகாப்பு. எழுபதைத் தாண்டியவர்களிடம் தனியாக நடத்திய சோதனையிலும் ஏறத்தாழ 90 சதவீதம். முதியவர்களின் உடம்பு தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் சொல்லாது என்பது மருத்துவத்தில் பழகிப்போன சலிப்பு. இந்த ஊசி அந்தச் சலிப்பைப் பொய்யாக்கியது. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில் பதினோராம் ஆண்டிலும் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

போடும் முறை எளிது. தோள்பட்டைத் தசையில் இரண்டு தவணை. இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு இடைவெளியை ஒன்றிரண்டு மாதமாகக் குறைக்கலாம். ஐம்பது வயதானவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் என்றால் 18 வயதிலிருந்தும் போடலாம். முன்பே அக்கி வந்துபோனவர்களும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அது திரும்ப வரக்கூடிய நோய். அக்கி இருக்கும்போது போடக் கூடாது. அது சிகிச்சை ஊசி இல்லை.

ஊசி மென்மையானதும் இல்லை. போட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் கை வலிக்கிறது. ஏறத்தாழ பாதிப்பேருக்கு உடல்வலியும் அசதியும் வருகின்றன. ஆறில் ஒருவர் ஒன்றிரண்டு நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் படுத்துவிடுகிறார். இதை முன்கூட்டியே சொல்லாமல் போடும் மருத்துவர், இரண்டாம் தவணைக்கு ஆளை இழந்துவிடுவார். மிக அரிதாகக் கில்லன்பாரி என்ற நரம்புத் தளர்வு நோயோடு தொடர்பு காணப்பட்டு, 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் பத்து லட்சம் தவணைக்குக் கூடுதலாக மூன்று பேர் என்ற அளவு அது. அக்கி வந்தால் கண்ணுக்கும் நரம்புக்கும் நேரக்கூடியதோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் எடை அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை.

வேல்ஸ் நாட்டிலிருந்து எதிர்பாராத செய்தி ஒன்று வந்திருக்கிறது. பிரிட்டன் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசியை இலவசமாகப் போடத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் தகுதி என்று வேல்ஸில் கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்துவிட்டவருக்கு ஆயுளுக்கும் கிடையாது. அரசு அலுவலகத்தின் இந்த இரக்கமற்ற கோடு ஆய்வாளர்களுக்கு வரமாக அமைந்தது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரி; வித்தியாசம் ஊசி மட்டும். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு ஏழாண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டு 2025-இல் வெளியிட்ட முடிவு: ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் புதிதாகக் கண்டறியப்படுவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெண்களிடம் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அது பழைய ஸோஸ்டாவாக்ஸ் ஊசி. மறதி நோயைத் தடுக்கிறேன் என்று விளம்பரம் செய்யும் கட்டத்துக்கு இது இன்னும் வரவில்லை. ஆனால் முதியவர்களின் மூளைக்கும் நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடக்கும் வைரஸுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை இனி யாரும் தள்ளிவைக்க முடியாது.

இந்தியாவுக்கு ஷிங்ரிக்ஸ் வந்தது 2023-இல். இரண்டு தவணைக்கும் சேர்த்து ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் ஆகிறது. ஓய்வூதியம் வாங்கும் தம்பதிக்கு நாற்பதாயிரம். அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. பெரியவர்களுக்கான தடுப்பூசி என்ற எண்ணமே இங்கே கோவிட் காலத்தில்தான் பழக்கமானது. வசதி உள்ளவர்கள் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். மகன் வாங்கிக்கொடுக்கும் கைக்கடிகாரத்தைவிட அப்பாவுக்கு இது உபயோகமான அறுபதாம் கல்யாணப் பரிசு.

வசதி இல்லாதவர்களுக்காக இரண்டு கோரிக்கைகளை அரசின் முன் வைக்கலாம். ஐம்பதைத் தாண்டிய அனைவருக்கும் இலவசமாகப் போடு என்று கேட்பது இன்றைய விலையில் நடக்காத காரியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று செய்துகொள்பவர்களுக்கு மட்டுமாவது அறுவைக்கு முன்பே இந்த ஊசியைச் சேர்த்துக் கொடுக்கலாம். அவர்கள் எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம், மாற்றும் உறுப்புக்காக அரசு எப்படியும் பெரும்பணம் செலவழிக்கிறது. இரண்டாவதற்குச் செலவே இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். ஒரு பக்கமாகப் பட்டையாக எரிச்சலோ கொப்புளமோ இருக்கிறதா என்று அவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். அக்கி நோயாளி அந்த மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போய்ச் சேர்வார்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் அடுத்தமுறை சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருத்துவரைப் பார்க்கும்போது, அக்கித் தடுப்பூசி தங்களுக்கு ஏற்றதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளம் கண்டால் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்; முகத்தில் என்றால் கண் பிரிவுக்கும் சேர்த்துப் போங்கள். அசைக்ளோவிர் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மாத்திரைதான்.